யாருடைய காலும் எழும்பாத ஞாயிற்றுக்கிழமை

சிவந்திப்பேட்டையில் பாட்டு நன்றாக இருந்தால் கேட்பவர்களின் கால் தரையை விட்டு எழும்பும். எப்போதிலிருந்து இப்படி என்று யாரும் ஆராய்ந்ததில்லை. நூற்பாலை வருவதற்கு முன்பே இருந்தது என்று சிலரும், ஆலையோடு வந்த பாண்டு வாத்தியக்காரர்கள் விட்டுப்போன பழக்கம் என்று சிலரும் சொல்வார்கள்; சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்து ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். கல்யாணக் கச்சேரி சூடு பிடிக்கும்போது பந்தல்காலைப் பிடித்துக்கொள்வதும், கோயில் கொடையில் கிட்டார் தொடங்கியதும் பெண்கள் சேலைக் கொசுவத்தில் ஊக்கு குத்திக்கொள்வதும், வேட்டி கட்டியவர்கள் உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருக்கிறோமா என்று ஒருமுறை யோசித்துக்கொள்வதும், பாட்டு முடிந்ததும் எல்லோரும் மெல்ல இறங்கி வந்து கழற்றிப்போட்ட செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பந்திக்கு ஓடுவதும் அந்த ஊரில் சாதாரணமாக நடக்கிற காரியங்கள். வெளியூரில் பெண் எடுத்தவர்கள் முதல் கச்சேரிக்கு முன்பே மருமகளுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். அவளும் சரி என்று கேட்டுக்கொள்வாள்.

எழும்பினால் மட்டும் போதுமா, எவ்வளவு எழும்பியது என்று தெரிய வேண்டாமா. அதற்கு மாசானம் அண்ணாச்சி இருந்தார். ஆலையில் நூலின் முறுக்கைச் சோதிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யார் வாய்ச்சொல்லையும் நம்பாதவர். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பழக்கூடையோடு வந்து, முன்வரிசைக்காரர்களின் கால்களுக்கு அடியில் குனிந்து எலுமிச்சம்பழத்தை உருட்டுவார். பழம் யார் காலிலும் இடிக்காமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் குழு தேறியது. அதற்கு மேலே தேங்காய், அதற்கும் மேலே பூசணிக்காய். புதுக்குழு முதல் இசைத்தட்டு வெளியிடும் நாளில் மட்டும் விதி கடுமையானது. எலுமிச்சம்பழம்கூட உருண்டு போகவில்லை என்றால், வாசித்தவர்கள் தங்கள் கருவிகளை ஆலை வாசல் மேடையில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். அவை வாசகசாலையின் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும், வாசித்தவர்கள் அதன்பிறகு ஊர் எல்லைக்குள் எந்தக் கருவியையும் தொடக் கூடாது. அந்த அலமாரிக்குள் ஒரு டிரம்பெட்டும் இரண்டு கிட்டாரும் பாவப்பட்ட ஒரு மவுத்தார்கனும் ஏற்கெனவே தூசி படிந்து கிடந்தன.

சிலருக்குக் கால் எழும்பாது. காதில் குறை கிடையாது, ரசனையில் குறை கிடையாது, எழும்பாது, அவ்வளவுதான். ஊர் அவர்களை ஒதுக்கிவிடவில்லை. எல்லோரும் மேலே போனால் செருப்புக்குக் காவல் யார் என்று கேட்டு அந்த வேலையை அவர்களுக்குக் கொடுத்து வைத்திருந்தது. ஆட்டோ ஓட்டுகிற கனகராஜ் அப்படி ஒருவர். எந்தக் கச்சேரியானாலும் முதல் ஆளாக வந்து, கண்ணை மூடித் தலையை ஆட்டி, மற்றவர்களைவிட நன்றாகவே ரசித்துவிட்டு, கண்ணைத் திறந்து பார்த்தால் சுற்றிலும் கால்களாகத் தெரியும் மனிதர். வயலட்டை அவர் கல்யாணம் செய்த அன்று சர்ச் வாசலில் வைத்த கச்சேரியில் மணப்பெண் ஒரு சாண் மேலே போய்விட்டாள், மாப்பிள்ளை தரையில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கல்யாணப் போட்டோக்கள் எல்லாவற்றிலும் அவள் அவரைவிட உயரம்.

ஊரார் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். கனகராஜும் கூடச் சேர்ந்து சிரித்தார். வயலட்டுக்குத்தான் அது பிடிக்கவில்லை. அவள் ஆலைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அடுத்தடுத்த கச்சேரிகளில் பாட்டைக் காதில் வாங்காமல் பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துப் பார்த்தாள், கைப்பையில் அம்மிக் குழவியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள், அப்படியும் நல்ல இடம் வந்ததும் குழவியோடு சேர்ந்து மேலே போனாள். பிறகு ஒருநாள் அவள் கோரஸ் பாடிக்கொண்டிருந்த ஈரக்காற்று என்ற சின்னக் குழுவில் பேஸ் கிட்டார்க்காரர் காய்ச்சல் என்று வராமல் போக, அடி எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் அவள் அதை வாங்கி மடியில் வைத்து ஒற்றை ஒற்றைச் சுரமாக மீட்டினாள். மற்ற எல்லோரும் எழும்பினார்கள். வாசித்துக்கொண்டிருந்த வயலட்டின் கால் மட்டும் தரையில் பதிந்து நின்றது. அன்று மாலையே, தந்தியில் இடிக்கிறது என்று தன் வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள் அதற்குப் பிறகு எந்தக் கச்சேரிக்கும் கேட்பவளாகப் போகவில்லை, வாசிப்பவளாகவே போனாள். அந்தத் தடித்த நான்கு தந்திகள் கையில் இருக்கிறவரை அவள் கனகராஜுக்குக் கை எட்டுகிற இடத்தில் இருப்பாள். இது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரியும், இருவருமே இதைப் பேசிக்கொண்டதில்லை.

சிவந்திப்பேட்டையில் அப்போது பெயர் பெற்ற குழுக்கள் மூன்று. எரிமலையில் பெலிக்ஸ் லீட் கிட்டார் வாசித்தால் தேங்காய் தாராளமாக உருண்டு போகும். தண்டவாளத்தில் சாகுல் டிரம்ஸைத் தொட்டால் கூட்டம் பொரிகிற கடுகாகத் துள்ளித் துள்ளி விழும், அதனால் அதை அளப்பது மாசானம் அண்ணாச்சிக்குப் பெரிய தலைவலி. வைகறை என்ற குழுவில் பாடிய உச்சிமாகாளியின் குரலுக்குப் பூசணிக்காயே சிறியது, அவர் உச்சஸ்தாயியில் நின்றால் முன்வரிசைக்காரர்களின் முழங்காலை நின்றுகொண்டே பார்க்கலாம். இந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பல வருடமாகப் பழித்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு பங்குனித் திருவிழாவில் மூன்று குழுக்களும் ஒரே மேடையில் அடுத்தடுத்து வாசித்து, இறங்கி வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தபோது, நாம் ஏன் சேர்ந்து ஒரு தட்டுப் போடக் கூடாது என்று யாரோ ஒருவர் கேட்டார். யார் கேட்டது என்பதில் மட்டும் மூவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை, மூவருமே நான்தான் என்கிறார்கள்.

பேஸ் கிட்டாருக்கு யார் என்பதில்தான் இழுபறி. தன் குழு ஆள்தான் வர வேண்டும் என்று ஒவ்வொருவரும் பிடிவாதம் பிடித்தார்கள். கடைசியில் மூன்று குழுவிலும் இல்லாத ஆள் ஒருவரைப் போடுவோம் என்று முடிவாகி, மூவருக்கும் வேண்டப்படாதவள் என்ற ஒரே தகுதியில் வயலட்டைக் கூப்பிட்டார்கள். ஊர் அந்தக் குழுவுக்குக் கூட்டணி என்று பெயர் வைத்தது. தேர்தல் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்ததால் அந்தச் சொல் எல்லோர் நாக்கிலும் ரெடியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஊரில் வேறு பேச்சு கிடையாது. எட்டுப் பாட்டு, ஐப்பசி மாதம் வெளியீடு என்று தெரிந்ததுமே டீக்கடை பெஞ்சுகளில் கூட்டல் கணக்கு தொடங்கிவிட்டது. தேங்காய் உயரம், அதோடு பூசணி உயரம், அதோடு சாகுலின் துள்ளல், எல்லாம் சேர்ந்தால் இடுப்பளவு என்றார்கள், அடுத்த வாரம் ஆள் உயரம் என்றார்கள், அதற்கடுத்த வாரம் ஆலைக் கூரையைத் தொட்டுவிட்டு வரலாம் என்றார்கள். வயலட்டுக்கு எவ்வளவு போடுவது என்று யாராவது கேட்டால், அதை விடு, அந்த அம்மா கணக்கில் வராது என்றார்கள். வீடுகளில் சீலிங் ஃபேன்களைக் கழற்றி இறக்கினார்கள். கைக்குழந்தைக்காரிகள் குழந்தையைச் சேலை முந்தானையால் ஜன்னல் கம்பியில் கட்டிப் பழக்கினார்கள். மின்வாரிய லைன்மேன் வீடு வீடாக வந்து, அன்று முழுக்கக் கரண்டை நிறுத்திவிடுவேன், மேலே போகிறவர்கள் கம்பியைத் தொட்டுவிட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும், எல்லோரும் பேட்டரியில் பாட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மாசானம் அண்ணாச்சி உருட்டுவதற்குப் பெரிய பழம் தேடிக் குற்றாலம் வரை போய் ஒரு பலாப்பழத்தை வாங்கி வந்து முள்ளைச் சீவி வைத்தார்.

இதெல்லாம் நடக்கும்போது கூட்டணி ஆலையில் பஞ்சுப் பொதி அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கியில் தவித்துக்கொண்டிருந்தது. உயரமான கூரை என்று பார்த்துத்தான் அந்த இடத்தைப் பிடித்தார்கள், அதுவே வினையாகிவிட்டது. பாட்டைத் தொடங்கினால் வாசிக்கிறவர்களே எழும்பிவிடுவார்கள், அது எல்லாக் குழுவிலும் உள்ளதுதான், ஆனால் இந்த மூன்று பேரும் மூன்று உயரத்துக்குப் போனார்கள். உச்சிமாகாளி உத்தரத்துக்குப் பக்கத்தில் நின்று பாடினார், பெலிக்ஸ் நடுவில் மிதந்தபடி தன் விரலைத் தானே ரசித்தார், சாகுல் டிரம்ஸ் கட்டைகளோடு மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டிருந்தார். மேலே உள்ளவருக்குக் கீழே உள்ளவரின் தாளம் தாமதமாகக் கேட்டது, கீழே உள்ளவருக்கு மேலே உள்ளவரின் குரல் அவசரமாகக் கேட்டது. தனித்தனியாகக் கேட்டால் மூன்றுமே பிரமாதம், சேர்த்துக் கேட்டால் சந்தைக்கடை. வயலட் மட்டும் தரையில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து ஒற்றை ஒற்றைச் சுரமாக மீட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பெலிக்ஸ் இறங்கி வந்து கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். "நம்மால ஆகாது. மூணு மாசமா ஒரு பாட்டு முடியல. ஊரு ஃபேன கழட்டி வச்சிட்டு உக்காந்திருக்கு" என்றார்.

"ஊரு நெனப்ப விடுங்க" என்றாள் வயலட். "ஒரு தடவ என் சத்தத்த மட்டும் கேட்டு வாசிங்க. மத்தத எதையும் கேக்க வேண்டாம்."

"உங்க சத்தம் எங்கக்கா கேக்கு? அது காலுக்குக் கீழல்லா இருக்கு" என்றார் சாகுல். கேலியாகத்தான் சொன்னார்.

"அதத்தான் சொல்லுதேன். அங்க வாங்க."

அப்படித்தான் அவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். அது சுலபமாக நடக்கவில்லை. உச்சிமாகாளி தன் குரலின் உச்சத்தை விட்டுக் கீழே வருவதை நகையைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரி மனமில்லாமல் செய்தார், பெலிக்ஸ் பத்துச் சுரம் போடுகிற இடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ஆனால் அந்த ஒற்றைச் சுரம் வயலட்டின் சுரத்தின் மேல் போய் உட்கார்ந்தபோது கிட்டங்கியின் தூண்களில் ஓர் அதிர்வு இறங்கியதை நான்கு பேரும் உணர்ந்தார்கள். ஆவணியில் எல்லோரும் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தார்கள், புரட்டாசியில் ஒரு சாணுக்கு. எட்டாவது பாட்டைப் பதிவு செய்தபோது நான்கு பேரின் பாதங்களும் சிமெண்டுத் தரையில் முழுசாகப் பதிந்திருந்தன, நான்கு பேரும் ஒரே மூச்சாக வாசித்தார்கள். முடிந்ததும் சாகுல் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரம்ஸை ஏதோ சரிபார்ப்பதுபோல் தடவினார். தங்கள் வாழ்க்கையில் இதைவிட நன்றாக எதையும் செய்ததில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது, அது சத்தியமான உண்மையும்கூட.

பயமும் அப்போதுதான் வந்தது. "வாசிச்ச நமக்கே கால் எழும்பல" என்றார் உச்சிமாகாளி. "கேக்கவனுக்கு எப்படி எழும்பும்? வயலட்டு, யோசிச்சுச் சொல்லு. பழசு மாதிரி ஒண்ணு போட்டுக் குடுத்துருவமா? பூசணிக்காய்க்கு நான் கேரண்டி."

வயலட் யோசித்தாள். பழைய மாதிரி போட்டுக் கொடுத்தால் பேஸ் கிட்டார் நிச்சயம் தன் கையில் தங்கும். இதைக் கொடுத்தால், ஒருவேளை அலமாரிக்குப் போகும். போனால், இனி ஒவ்வொரு கச்சேரியிலும் அவள் சும்மா கேட்பவளாக நிற்க வேண்டும், நல்ல இடம் வந்ததும் மேலே போக வேண்டும், கனகராஜ் கீழே செருப்புகளுக்கு நடுவில் நின்று அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனாலும் அந்த எட்டாவது பாட்டு காதை விட்டுப் போகவில்லை.

"இதையே குடுப்போம்" என்றாள். "நல்லா இருக்கத நல்லா இல்லன்னு எப்படிச் சொல்லதுக்கு."

சிவந்திப்பேட்டையில் முதல் தட்டை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. ஒருத்தர் கேட்டுவிட்டு இன்னொருத்தரிடம் உளறிவிட்டால் கால் எழும்புவது பாதியாகிவிடும் என்று, வீட்டுக்கொரு தட்டாகக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியதும் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் போடுவது வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஊர் முழுக்கக் குளித்து, ஊக்கு குத்தி, செருப்பைக் கழற்றி, கூரை இடிக்காத இடமாகப் பார்த்துத் தெருவில் வந்து நின்றது. கனகராஜும் அவருடைய சகாக்களும் செருப்புகளைத் தெருவாரியாக அடுக்கினார்கள். ஆலை வாசல் மேடையில் நான்கு பேரும் தங்கள் கருவிகளோடு நிற்க, மாசானம் அண்ணாச்சி பலாப்பழத்தைக் கையோடு உருட்டிக்கொண்டு வந்தார். சங்கு ஊதியது. எல்லா வாசலிலும் எல்லா ஜன்னலிலும் நின்றிருந்த ஆட்டோக்களிலும் வேன்களிலும் ஒரே பாட்டு ஒரே நொடியில் தொடங்கியது.

அந்தப் பாட்டை எப்படிச் சொல்வது. முதலில் வயலட்டின் ஒற்றைச் சுரம் மட்டும் வந்தது, அது காதுக்கு வரவில்லை, உள்ளங்காலுக்கு வந்தது. அதன் மேல் சாகுல் வாசல் தெளிக்கிற பெண்ணின் கைவீச்சைப் போல ஒரு நிதானமான அடியை வைத்தார். பெலிக்ஸ் சொல்லாமல் விட்ட சுரங்களெல்லாம் அவர் சொன்ன ஒன்றுக்குள்ளே இருந்தன. உச்சிமாகாளி கத்தவே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில் பாடினார், ஆலைக்குப் போகிற பாதையையும் மாதக் கடைசியையும் முதல் பிள்ளைக்குப் பார்த்து வைத்த பெயரையும் பற்றிப் பாடினார். கறிக்கடை ரஹீம் பாய் இரண்டாவது பாட்டிலேயே அழத் தொடங்கிவிட்டார். பல வருடமாகப் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே தூணில் சாய்ந்து நின்றிருந்தார்கள். மூன்றாவது பாட்டு கொஞ்சம் நீளம்தான், அதைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. ஆனால் எட்டாவது பாட்டு வந்தபோது ஊரில் ஒரு நாய் குரைக்கவில்லை, காற்று மட்டும் திடீரென்று குளிர்ந்து வீசியது, ஆலைப் புகைபோக்கியில் எப்போதும் உட்காரும் காகங்கள் ஏதோ தோன்றி ஒன்றாகப் பறந்து வட்டமடித்தன.

பாட்டின் கடைசி அடி வந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எல்லோருடைய காலும் தரையில் இருந்தது.

மாசானம் அண்ணாச்சி பலாப்பழத்தை அப்படியே வைத்துவிட்டு, பூசணிக்காயையும் தேங்காயையும் தாண்டி, மனசே இல்லாமல் எலுமிச்சம்பழத்தை எடுத்து உருட்டினார். அது முன்வரிசையில் முதல் ஆளின் பெருவிரலில் இடித்து நின்றது. நாற்பது வருடப் பழக்கத்தில் அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

யாரும் கூச்சல் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. எல்லோரும் வரிசையாக வந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, நல்லாத்தான் இருந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு என்று மேடையைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்கள். "எனக்கு அழுக வந்துட்டு, பொய் சொல்லல" என்றார் ரஹீம் பாய். "ஆனா கால் எழும்பலியே, நான் என்ன செய்ய." லைன்மேன் போய்ச் சுவிட்சைப் போட்டார், கரண்ட் வரவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனவர்களுக்குப் பாதிக் குடத்தில் தண்ணீர் நின்றுபோனது. விளங்காத பாட்டைப் போட்டு உள்ளதும் போச்சு என்று ஒரு பெண் குடத்தை நங்கென்று வைத்தாள்.

சாகுல் கட்டைகளை மேடையில் வைத்தார். உச்சிமாகாளி மைக்கை வைத்தார். பெலிக்ஸ் கிட்டாரைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்திவிட்டு, ஆறு மணி ரயிலுக்குச் சென்னைக்குப் போகிறேன், இந்த ஊரில் இனி எனக்கு வேலையில்லை என்றார். வயலட் கடைசியாக வைத்தாள். பட்டையைத் தோளிலிருந்து எடுத்தபோது தன் உடம்பு லேசாகிவிட்டதுபோல் அவளுக்கு இருந்தது, அந்த லேசுதான் அவள் பயந்தது. கனகராஜ் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெலிக்ஸை ஏற்றிவிட்டு வருவோம் என்று அவளும் ஏறிக்கொண்டாள்.

ரயில் நிலையம் ஊர் எல்லைக்கு வெளியே. போகிற வழியெல்லாம் பெலிக்ஸ் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "அக்கா, உண்மையச் சொல்லுங்க. அது நல்லா இல்லையா?"

"நல்லா இருந்துச்சு" என்றாள் வயலட்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி" என்றார் கனகராஜ், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் எழும்பாத ஆளு, என் பேச்சு கணக்குல வராது. ஆனா இன்னைக்கு கண்ணத் தொறந்து பாக்கையில என்னச் சுத்தி காலா தெரியல, மொகமா தெரிஞ்சுது. எல்லாரும் என் கூடவே நின்னாங்க. அது எனக்கு போதும்."

வயலட்டுக்கு அதைக் கேட்டு அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை.

ஊர் எல்லையில் நல்வரவு வளைவு வந்தது. கனகராஜ் சட்டென்று பிரேக்கை அழுத்தினார். வளைவுக்கு அந்தப் பக்கம் ரோடு இல்லை.

மூவரும் இறங்கி மெல்ல நடந்து விளிம்புவரை போனார்கள். தார் ரோடு கத்தியால் வெட்டிய கேக் மாதிரி முடிந்திருந்தது. அதற்குக் கீழே சரளைக்கல், அதற்குக் கீழே செம்மண், செம்மண்ணிலிருந்து உடைந்து நீட்டிக்கொண்டிருக்கும் குடிநீர்க் குழாய், வேப்பமரம் ஒன்றின் வேர். அதற்கெல்லாம் கீழே காற்று. இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே அதே ரோடு, நடுவில் போட்ட அதே வெள்ளைக் கோட்டோடு, ரயில் நிலையத்தைப் பார்த்துத் தொடர்ந்து போனது. அங்கே தென்காசியிலிருந்து வந்த அஞ்சரை மணிப் பேருந்து நின்றது. டிரைவரும் பயணிகளும் காய்கறிக் கூடையும் கோழியுமாக இறங்கி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடதும் வலதும் எட்டுகிறவரை அப்படித்தான் இருந்தது. சிவந்திப்பேட்டை தன் ஆலையோடும் பள்ளிக்கூடத்தோடும் கோயில்களோடும் சர்ச்சோடும் வாசகசாலையோடும், கால் எழும்புகிறவர்களோடும் எழும்பாதவர்களோடும், ஒரு குடத்துத் தண்ணீர்கூடச் சிந்தாமல், அப்படியே மேலே வந்து நின்றது.

"அண்ணாச்சி" என்று கீழே இருந்து கண்டக்டர் கனகராஜைக் கூப்பிட்டார். குரலில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை, பேருந்து தாமதமாகிறதே என்ற எரிச்சல்தான் இருந்தது. "ஊரத் தூக்கிட்டு எங்க போறிய?"

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊர் வழக்கப்படிதான் நடந்தது. வளைவுக்கு அடியில் மரப்படி போட்டார்கள், பிறகு சிமெண்டுப் படி. பால்காரர் கயிறு கட்டிக் கேனை ஏற்றப் பழகிக்கொண்டார், கண்டக்டர் சிவந்திப்பேட்டை வந்தாச்சு, ஏறிப் போறவுக ஏறிக்கோங்க என்று கூவப் பழகிக்கொண்டார். மனிதர்கள் பாட்டு முடிந்ததும் இறங்கிவிடுவார்கள்; ஊர் கனமானது, இறங்க அதற்குச் சாவகாசம் வேண்டியிருந்தது, அதிலும் யாராவது ஒருவர் வீட்டில் அந்தத் தட்டைப் போட்டுக்கொண்டே இருந்ததால் இறங்கியபாடில்லை. எதிர்பார்த்த அளவுக்கு இருந்ததா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஊரார் கொஞ்சம் நெளிவார்கள், நாங்கள் எதிர்பார்த்தது வேறு என்பார்கள், மூன்றாவது பாட்டு நீளம் என்பார்கள், பிறகு அந்தப் பாட்டையே முணுமுணுப்பார்கள். மாசானம் அண்ணாச்சி மறுநாள் காலையிலேயே வாசகசாலைக்குப் போய், அதற்குள் அலமாரிக்குள் போயிருந்த கருவிகளைத் தன் கையால் எடுத்து நான்கு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். "கால் எழும்பலன்னு சொன்னேன், அது பொய்யில்ல எம்மா" என்றார் வயலட்டிடம். "கால் நின்ன தரையும் சேந்து எழும்பும்னு நான் என்னத்தக் கண்டேன்."

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்தச் சாயங்காலம் வளைவின் விளிம்பில் பெலிக்ஸ் தன் பெட்டியைப் போட்டுவிட்டு, சாகுலையும் உச்சிமாகாளியையும் கூப்பிட்டுக்கொண்டே ஊருக்குள் ஓடினார். ரயில் தூரத்தில் ஊதிவிட்டு அவர் இல்லாமலே போனது. வயலட்டும் திரும்பினாள், மேடையில் கிடக்கிற பேஸ் கிட்டாரை வேறு யாரும் எடுத்து அலமாரியில் வைப்பதற்குள் போய்விட வேண்டும் என்று அவளுக்குப் பதறியது.

"வாங்க, சீக்கிரம் போவோம்" என்றாள்.

கனகராஜ் அசையவில்லை. விளிம்புக்கு ஓரடி தள்ளி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கீழே நின்றவர்களின் உச்சந்தலைகளையும், பேருந்தின் கூரையில் கட்டியிருந்த மூட்டைகளையும், வயல்களுக்கு நடுவே வெயில் இறங்கிக்கொண்டிருப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது மனிதர், சந்தோஷத்தில் அவருடைய உதடு நடுங்கியது.

"கொஞ்சம் நில்லு, வயலட்டு" என்றார். "மேல இருந்து பாத்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுல்லா."

அவள் வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.